டீம் லீட் லட்சணம்

முதலில் வாழ்த்துகள். நேற்று மாலை வரை உங்கள் பெயருக்குக் கீழே 'சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று இருந்தது. இன்று காலை அது 'டீம் லீட்' ஆகிவிட்டது. சம்பளம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. "அதை அடுத்த அப்ரைசல்ல பாத்துக்கலாம்" என்று மேனேஜர் தோளில் தட்டியிருப்பார். அவர் டீம் லீட் ஆன அன்று அவர் தோளிலும் யாரோ தட்டியிருப்பார்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் டைடல் பார்க் திறந்தது 2000-ல். அங்கே தொடங்கி பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று சிறுசேரி வரை எழும்பி நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் மாடிக்குப் பத்துப் பேராவது உங்களைப் போல் இருப்பார்கள். ஆகவே தனியாக மாட்டிக்கொண்டோமே என்று கலங்க வேண்டாம். எல்லாரும் தனித்தனியாகத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற குழப்பம் இருக்கும். காரணம் எளிது. நீங்கள் கோடு நன்றாக எழுதினீர்கள். அதனால் இனி எழுத வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கனடாவில் பிறந்த லாரன்ஸ் பீட்டர் என்பவர் 1969-ல் ரேமண்ட் ஹல்லோடு சேர்ந்து இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். நிறுவனங்களில் ஒவ்வொருவரும் தமக்குக் கைவராத வேலை கிடைக்கும் வரை பதவி உயர்ந்துகொண்டே போவார்கள், கிடைத்ததும் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. மனிதர் கிண்டலாகத்தான் எழுதினார். அலுவலகங்கள் அதைச் செய்முறை நூலாக எடுத்துக்கொண்டுவிட்டன.

அதிகாரம் எவ்வளவு?

பதவி ஏற்றதும் எல்லையை அளந்துகொள்ளுங்கள். ஆள் எடுப்பது உங்கள் கையில் இல்லை, அனுப்புவதும் இல்லை. யாருக்கு எவ்வளவு ஹைக் என்பது மேலே முடிவாகும். டெலிவரி தேதியை, கோடின் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒரு சேல்ஸ் ஆள் போன வருஷமே கிளையன்டிடம் சொல்லிவிட்டார். உங்களுக்கென்று லீவு அப்ரூவ் செய்யும் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் விண்ணப்பம் மேனேஜரின் அப்ரூவலுக்குப் போகும்.

பொறுப்பு மட்டும் முழுக்க உங்களுடையது. அதிகாரத்துக்கும் பொறுப்புக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்ற மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இரண்டு நாள் பயிற்சி, நட்சத்திர ஓட்டலில், மதியம் பஃபேயோடு. போகத் தவறாதீர்கள். அங்கே 'ஜோஹரி ஜன்னல்' என்று ஒன்று காட்டுவார்கள். ஜோஹரி யாரோ ராஜஸ்தான் வைர வியாபாரி என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். 1955-ல் அதை உருவாக்கிய ஜோசப் லுஃப்ட், ஹாரி இங்காம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஜோ, ஹாரி என்று தங்கள் பெயர்களை ஒட்டிவைத்த பெயர் அது. ஜன்னலுக்கு நாலு கட்டம். உங்களுக்கும் பிறருக்கும் தெரிந்தது ஒன்று. உங்களுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று. யாருக்குமே தெரியாதது ஒன்று. நாலாவதுதான் விவகாரம் பிடித்தது: உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தக் கட்டத்தைத் திறக்க ஒரே வழி, உங்கள் டீம் ஆட்களிடமே கேட்பது. எனவே அதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேறு கம்பெனி டீம் லீடிடம் கேளுங்கள். "நீங்க ரொம்ப டெடிகேட்டட் ஜி" என்பார். நீங்களும் அவருக்கு அதையே எழுதிக் கொடுங்கள். 'உங்கள் பலவீனம்' என்ற இடத்தில், எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்று எழுதினால் போதும்.

பயிற்சியின் கடைசி ஸ்லைடில் திருக்குறள் வரும். பெரும்பாலும் 'தெரிந்துவினையாடல்' அதிகாரத்திலிருந்து. எந்த வேலையை யாரால் முடிக்க முடியும் என்று ஆராய்ந்து, பிறகு அந்த வேலையை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஆராய்வதைப் பற்றிப் பயிற்சியாளர் பத்து நிமிஷம் பேசுவார். விட்டுவிடுவதைப் பற்றிப் பேசுவதற்குள் பஃபேயை எடுத்துவிடுவார்கள்.

நீயா, நீங்களா?

பயிற்சியில் சொல்லித்தராத பாடம் இது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கும் வரை சிக்கலே இல்லை. ஐம்பத்தைந்து வயது வைஸ் பிரெசிடெண்டைக் கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அது நவீனக் கலாசாரம். கேன்டீனுக்குப் போய்த் தமிழுக்கு மாறியதும் தொடங்கும் சங்கடம்.

நேற்று வரை 'டேய் மச்சி' என்று உங்கள் டிபன் பாக்ஸில் கை வைத்தவருக்கு இன்று நீங்கள் ரேட்டிங் போட வேண்டும். அவர் இனி உங்களை எப்படிக் கூப்பிடுவார்? ஒரு வாரம் எப்படியும் கூப்பிடாமல் சமாளிப்பார். பிறகு "தல" என்பார். அதில் பாசம் பாதி, நக்கல் பாதி. எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது என்பது உங்கள் மனநிலையைப் பொறுத்தது.

டீமில் உங்களைவிடப் பத்து வயது மூத்த டெஸ்டர் ஒருவர் இருப்பார். மூன்று டீம் லீடுகளைப் பார்த்துவிட்டவர். அவரை 'அண்ணா' என்றால் வேலை வாங்க முடியாது, 'சார்' என்றால் மற்றவர்கள் சிரிப்பார்கள், பெயர் சொன்னால் உங்களுக்கே வாய் கூசும். இதற்குக் கையேடுகளில் விடை இல்லை. பலர் கண்டுபிடித்த தீர்வு, அவரிடம் சாட்டில் மட்டும் பேசுவது.

காலேஜ் முடித்து நேரே வந்த ஃப்ரெஷர் உங்களை 'சார்' என்பார். "நோ சார். கால் மீ பை நேம்" என்று பெருந்தன்மையோடு சொல்வீர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த பிள்ளைக்கு மூத்தவரைப் பெயர் சொல்ல நாக்கு எழாது. சார் என்று சொல்லவோ தடை. அதனால் அன்று முதல் அவர் உங்களை எதுவுமே சொல்லாமல், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, நீங்களாகத் திரும்பும் வரை காத்திருப்பார். நீங்கள் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால் அவர் டவுட் அன்று தீராது. 'ரொம்ப அமைதியான பையன், இன்னும் கொஞ்சம் ப்ரோஆக்டிவா இருக்கலாம்' என்று அவர் அப்ரைசலில் எழுதுங்கள்.

பெண்களை 'என்னம்மா', 'சொல்லும்மா' என்று பேசுகிறீர்கள். பாசமாகத்தான். அதே வயது ஆணை 'என்னப்பா தம்பி' என்று கிளையன்ட் முன்னால் பேச மாட்டீர்கள் என்பதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். சொல்ல மாட்டார்கள். ஜன்னலின் நாலாவது கட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

டீமில் ஹைதராபாத்திலிருந்தோ புவனேஸ்வரிலிருந்தோ வந்த ஒருவர் இருந்தால், மீட்டிங்கில் முக்கியமான விஷயத்தை எல்லாம் தமிழில் பேசி முடித்துவிட்டு, கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்?" என்று அவரைப் பார்த்து மட்டும் ஆங்கிலத்தில் கேளுங்கள். எல்லாரையும் அணைத்துச் செல்வது என்பது இதுதான்.

நின்றுகொண்டே ஒரு கூட்டம்

தினமும் காலை ஸ்டேண்டப். ஸ்க்ரம் என்கிற முறைப்படி அதற்கு 15 நிமிஷம்தான். டீம் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசி, யார் எங்கே சிக்கி நிற்கிறார் என்று பார்த்து அன்றைய வேலையைத் திட்டமிட வேண்டும் என்பது ஏற்பாடு. நீங்கள் இதை வகுப்பறையில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல் மாற்றிவிடுங்கள். எல்லாரும் உங்களைப் பார்த்து மட்டும் பேச வேண்டும். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், ஏதாவது தடை உண்டா? மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போதே அடுத்தவரைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். 'நோ பிளாக்கர்ஸ்' என்று பதில் வரும். யாராவது தடை இருக்கிறது என்று சொல்லிவிட்டால், "இதை ஆஃப்லைன்ல எடுத்துக்கலாம்" என்று சொல்லுங்கள். அந்த ஆஃப்லைன் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று இதுவரை யாரும் கண்டதில்லை.

சிலர் ஸ்டேண்டப்பை ஒரு மணி நேரம் நடத்துகிறார்கள். நாற்காலியும் போட்டுக்கொள்கிறார்கள்.

பிழையே இல்லாத டீம்

ஏதாவது உடைந்தது என்று தெரிந்தால், முதல் கேள்வி "யார் பண்ணது?" என்று இருக்கட்டும். "என்ன ஆச்சு?" என்று கேட்டால் விஷயம் தெரிந்துவிடும், யார் என்று கேட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். இரண்டே மாதத்தில் உங்கள் டீமில் பிழைகள் அருகிவிடும். அதாவது, உங்கள் காதுக்கு வருபவை.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் செவிலியர் குழுக்களைப் பார்த்தார். மருந்து மாற்றிக் கொடுப்பது, அளவு தவறுவது போன்ற பிழைகள் எந்தக் குழுவில் அதிகம் என்று கணக்கெடுத்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. வந்த கணக்கோ தலைகீழ். நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அவர் கொஞ்சம் கலங்கித்தான் போனார். பிறகு புரிந்தது: அந்தக் குழுக்களில் தவறை வாய்விட்டுச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். 1996-ல் அதை வெளியிட்டார். 1999-ல் 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரில் அதை விரித்து எழுதினார். பிற்பாடு கூகுள் தன் குழுக்களை ஆராய்ந்தபோதும் அதே விஷயம்தான் மேலே வந்து நின்றது.

இந்த ஆய்வைப் பயிற்சியில் உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். உங்கள் மேனேஜருக்கு மாதாமாதம் போகும் எக்ஸெல் ஷீட்டில் 'டிஃபெக்ட் கவுண்ட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, எண் கூடினால் சிவப்பாகும். செவிலியர் கதை அந்தக் கட்டத்தில் பொருந்தாது. பூஜ்யம் பொருந்தும், பச்சையாக. வெள்ளிக்கிழமை ரிலீஸுக்குப் பிறகு ராத்திரி ஒன்றரை மணிக்கு 'புரொடக்‌ஷன் டவுன்' என்று போன் வரும்போது, டீமில் மூன்று பேருக்கு அது எங்கே உடைந்திருக்கும் என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்தது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேளுங்கள். கோபமாகக் கேளுங்கள், அப்போதுதான் அடுத்த முறையும் சொல்ல மாட்டார்கள்.

ம்யூட் பட்டன்

இனி முக்கியமான பாடம். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் மாறும். அந்த நேரத்தில்தான் கிளையன்ட் கால்.

நடப்பது இதுதான். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், இந்த மாதக் கடைசிக்குள் புது மாட்யூலையும் சேர்த்துக் கொடுத்துவிட முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்பார். நீங்கள் ம்யூட்டை அழுத்துவீர்கள். இந்தப் பக்கம் அறையில் சூறாவளி. "ஆறு வாரம் ஆகும்." "அந்த ஏ.பி.ஐ. இன்னும் அவங்களே தரலை." "டெஸ்டிங்குக்கு யார் இருக்கா?" மூத்த டெஸ்டர் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டுவார், இடமும் வலமுமாக. நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வீர்கள், ஆமாம் ஆமாம் என்று கையைக் காட்டுவீர்கள். பிறகு ம்யூட்டை எடுத்துவிட்டு, "ஷ்யூர், வீ வில் டேக் கேர்" என்பீர்கள்.

உங்கள் பதவியின் மொத்த சாரமும் அந்தப் பட்டனில் இருக்கிறது. டீம் பேசியதைக் கிளையன்ட் கேட்கவில்லை. கிளையன்டிடம் நீங்கள் பேசியதை டீம் கேட்டுவிட்டது. ஒன்-ஆன்-ஒன்னில் எவ்வளவு பரிவாகப் பேசினாலும், பிறந்தநாளுக்கு கேக் வெட்டினாலும், நீங்கள் யார் என்று அவர்கள் முடிவு செய்வது அந்த அரை நிமிஷத்தில்தான்.

இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 1986 ஜனவரி 27 இரவு அமெரிக்காவில் ஒரு கான்ஃபரன்ஸ் கால். கிளையன்ட் நாசா. வெண்டர், யூட்டா மாநிலத்திலிருந்த மார்ட்டன் தயக்கால்; விண்வெளி ஓடத்துக்குப் பூஸ்டர் செய்து கொடுத்த நிறுவனம். மறுநாள் காலை புளோரிடாவில் கடுங்குளிராக இருக்கும், பூஸ்டர் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று ரோஜர் போஷோலே முதலான பொறியாளர்கள் சொன்னார்கள். நாசா தரப்பு எரிச்சலடைந்தது. கொஞ்ச நேரம் லைனை விட்டு விலகி எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம் என்று வெண்டர் தரப்பினர் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் ம்யூட்டில் போனார்கள். அந்த இடைவேளையில், பொறியியல் பிரிவின் தலைவரிடம் அவருடைய மேலதிகாரி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னார். அவரும் போட்டுக்கொண்டார். சுமார் அரை மணி நேரத்தில் லைனுக்குத் திரும்பி, ஏவலாம் என்றார்கள். மறுநாள் சேலஞ்சர் கிளம்பிய 73-வது விநாடியில் வானில் சிதறியது. உள்ளே ஏழு பேர் இருந்தார்கள்.

நமது அப்ளிகேஷன் யாரோ ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு பிரீமியம் கணக்குப் போடுகிற சமாச்சாரம். யாரும் சாக மாட்டார்கள். அதனால்தான் அந்தத் தொப்பியை நாம் இவ்வளவு லேசாக மாற்றிக்கொள்கிறோம்.

"ஷ்யூர்" சொன்ன பிறகு வேலை தாமதமாகும் அல்லவா? அதற்கும் வழி இருக்கிறது. மேனேஜரிடம் கூடுதல் ஆள் கேளுங்கள். பெஞ்சில் இருக்கும் நாலு பேரை உடனே அனுப்பிவைப்பார். ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 என்ற பெரும் மென்பொருள் திட்டத்தை நடத்தியவர் ஃபிரெட் புரூக்ஸ். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று அவர் 1975-லேயே எழுதிவிட்டார். கணக்கு எளிது. ஆறு பேர் என்றால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 15 ஜோடி. பத்துப் பேர் என்றால் 45. புதிதாக வந்த நாலு பேருக்கும் சொல்லிக்கொடுக்க, வேலை தெரிந்த ஆறு பேரும் வேலையை நிறுத்த வேண்டும். புரூக்ஸ் சொன்னதற்குப் பிறகு ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. நாலு பேர் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு லேப்டாப் அக்சஸ் கிடைப்பதற்குள் மாதக் கடைசி வந்துவிடும்.

மணி வடிவ நியாயம்

அப்ரைசல் காலம். ஆறு பேர் கொண்ட டீமை ஒரு மணி வடிவ வளைகோட்டில் உட்கார வைக்க வேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் புகழ்பெறச் செய்த முறை: மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10. மைக்ரோசாஃப்ட்டும் இப்படி வரிசைப்படுத்தும் முறையை வைத்திருந்து 2013 நவம்பரில் கைவிட்டது. உங்கள் அலுவலகத்திலும் கைவிட்டாகிவிட்டது என்று எச்.ஆர். மெயில் வந்திருக்கும். அதே மெயிலில், 'டிஸ்ட்ரிபியூஷன்' சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பவும் என்று கடைசி வரி இருக்கும்.

ஆறு பேரில் பத்து சதவீதம் என்றால் முக்கால் ஆள் கூட இல்லை. இருந்தாலும் ஒரு முழு ஆளைத் தேட வேண்டும். நன்றாக வேலை செய்யாதவரைத் தேடிப் போகாதீர்கள், அவர் சண்டை போடுவார். பிரசவ விடுப்பில் போய் வந்தவர் இருக்கிறாரா பாருங்கள். இல்லையென்றால் வருஷ நடுவில் வந்து சேர்ந்தவர். அவரும் இல்லையென்றால், எதற்கும் புகார் சொல்லாதவர். அந்தக் குணத்துக்கு இந்த நாட்டில் என்றைக்கும் ஒரு விலை உண்டு.

பிறகு அவரை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு பாராட்டு, நடுவில் குறை, மேலே இன்னொரு பாராட்டு என்று அடுக்குங்கள். உங்கள் கம்யூனிகேஷன் பிரமாதம், ரேட்டிங் மூன்று, உங்கள் ஆட்டிட்யூட் பிரமாதம். முத்தாய்ப்பாக, குரலைத் தாழ்த்தி, "உனக்காக நான் உள்ள எவ்வளவு ஃபைட் பண்ணேன் தெரியுமா?" என்று சொல்லுங்கள். இது அப்ரைசலின் மந்திரம். சொல்லாமல் சடங்கு நிறைவேறாது. உங்கள் மேனேஜரும் போன வாரம் உங்களிடம் இதையேதான் சொன்னார். உள்ளே உண்மையில் யாரும் யாரோடும் ஃபைட் பண்ணுவதில்லை. பிஸ்கட் நன்றாக இருக்கும்.

கயிறு இழுக்கும் போட்டி

டீம் மனம் தளர்ந்திருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ரிசார்ட்டுக்கு அழைத்துப் போங்கள். சனிக்கிழமை, அவர்கள் சொந்த விடுமுறையில். காலையில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட், மதியம் பிரியாணி, மாலையில் கயிறு இழுத்தல். ஒற்றுமைக்குக் கயிறே அடையாளம் என்று ஒருவர் மைக்கில் சொல்வார். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதே கயிறை வைத்து ஆராய்ந்து 1913-ல் எழுதினார். ஆள் கூடக்கூடத் தலைக்கு இழுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதியைத்தான் இழுத்தார்கள். ரிசார்ட்டில் இதைச் சொல்ல வேண்டாம். போட்டோ எடுத்து லிங்க்ட்-இன்னில் போடுங்கள்.

"ஒரு நிமிஷம் பேசலாமா?"

எல்லாவற்றையும் சரியாகச் செய்தீர்களானால், ஒருநாள் சாட்டில் இந்த வாசகம் வரும். இதற்கு ஒரே அர்த்தம்தான். டீமிலேயே நன்றாக வேலை செய்கிறவர்தான் முதலில் கேட்பார், மற்றவர்களுக்கு ஆஃபர் வர இன்னும் நாளாகும்.

காரணம் கேட்டால் 'பெட்டர் ஆப்பர்ச்சுனிட்டி' என்பார். இந்த ஊரில் பெண் பார்த்துவிட்டுப் போய் 'ஜாதகம் பொருந்தலை' என்று சொல்லியனுப்புவார்களே, அந்த மரியாதை. அதற்கு மேல் கிளறாதீர்கள். எச்.ஆர். படிவத்திலும் உயர்படிப்பு, குடும்பச் சூழல், சம்பளம் என்றெல்லாம் வரிசையாக இருக்கும். உங்களைக் குறிக்கும் கட்டம் இருக்காது.

ஒரே ஒரு ஆபத்து, நோட்டீஸ் பீரியட். பல இடங்களில் 90 நாள். ராஜினாமா ஏற்கப்பட்ட மறுநாள் காலை அந்த மனிதர் வேறு ஆளாக வந்து உட்காருவார். ரேட்டிங்கால் பயமுறுத்த முடியாது. ஹைக் ஆசை காட்ட முடியாது. ஸ்டேண்டப்பில் "பிளாக்கர் இருக்கு" என்பார், ஆஃப்லைன் என்றால் "இப்பவே பேசிடலாமே" என்பார். ஃப்ரெஷர் பையன் அவரிடம் டவுட் கேட்கத் தொடங்கியிருப்பான். மாலை கிளையன்ட் காலில், நீங்கள் ம்யூட்டுக்கு விரல் கொண்டுபோவதற்குள், இந்த மாதக் கடைசிக்கு முடியாது, ஆறு வாரம் வேண்டும், காரணம் இது இது என்று நிதானமாகச் சொல்லிவிடுவார்.

இதில் மோசமானது அடுத்து நடப்பது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. பிறகு கிளையன்ட் தரப்பு அம்மையார், "ஓகே, தேங்க்ஸ் ஃபார் டெல்லிங் அஸ். ஆறு வாரம் என்றே பிளான் பண்ணிக்கொள்ளலாம்" என்பார். அவ்வளவுதான். எஸ்கலேஷன் இல்லை, ஒப்பந்த ரத்து இல்லை. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று வேறு கேட்பார். அறையில் இருக்கும் ஐந்து பேரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்படி ஒரு நிலை வராமல் தடுப்பது கடினமல்ல. ராஜினாமா மெயில் வந்த அன்றே, கேலண்டரைத் திறந்து, கிளையன்ட் கால் இன்வைட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள். கேட்டால், நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபருக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லுங்கள்.